முட்டை வாயில் இருக்கு... பேச மாட்டாரு!

வாயில் ஒரு பச்சை முட்டையை வைத்துக்கொண்டு, நாற்பதடி உயரக் கம்பத்திலிருந்து அதை உடைக்காமல் இறங்க உங்களால் முடியுமா?

'எனக்கென்ன தலையெழுத்து?' என்றுதானே கேட்கிறீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால், அமெரிக்காவில் இதற்கு வருஷா வருஷம் போட்டி நடத்தி, பரிசு கொடுத்து, கை தட்டுகிறார்கள். கலந்துகொள்கிறவர்கள் சர்க்கஸ்காரர்கள் இல்லை. தெருவில் கரண்ட் போனால் ஏணியைத் தூக்கிக்கொண்டு வருவாரே லைன்மேன், அவருடைய அமெரிக்க சகோதரர்கள்!

இந்த விஷயத்தை என் தலையில் கட்டியவன் எங்கள் வாடிப்பட்டிப் பையன் ஒருவன். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படிக்கிறான். ஊரில் வழுக்குமரம் என்றால் அவன்தான் ஹீரோ. மரத்தில் எண்ணெயைத் தடவி, கீழேயிருந்து தண்ணீரை வேறு பீய்ச்சியடிப்பார்கள். இவன் பல்லி மாதிரி விறுவிறுவென்று ஏறி, உச்சியில் தொங்கும் பண முடிப்பை அவிழ்த்துக்கொண்டு வந்துவிடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செல்போனும் கையுமாக வந்து நின்றான்.

"அண்ணே, கம்பம் ஏறுறதுக்கு உலகப் போட்டி இருக்காம்ணே. ரூல்ஸ் பூரா இங்கிலீஷ்ல கெடக்கு. நான் சேரலாமான்னு பாத்துச் சொல்லுங்க."

நான் பி.காம். மின்சாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பில் எவ்வளவு, கடைசித் தேதி எது என்ற இரண்டும்தான். ஆனாலும் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று ஊரில் ஒரு பெயர் வாங்கி வைத்திருக்கிறேனே... தெரியாது என்று சொல்ல முடியுமா? கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படிக்க உட்கார்ந்தேன்.

மாடு இல்லாத ஜல்லிக்கட்டு!

போட்டியின் பெயர் 'இன்டர்நேஷனல் லைன்மேன்ஸ் ரோடியோ'. ரோடியோ என்றால், அமெரிக்க மாட்டுக்காரர்கள் முரட்டுக் குதிரை மீதும் காளை மீதும் உட்கார்ந்து வித்தை காட்டும் விளையாட்டு. ஆக, நம் பாஷையில் சொன்னால் 'லைன்மேன் ஜல்லிக்கட்டு'! அலங்காநல்லூருக்குப் பக்கத்து ஊர்க்காரனான எனக்கு இது சட்டென்று பிடிபட்டுவிட்டது.

1984-ல் இதை ஆரம்பித்தார்கள். கான்சாஸ் மாநிலத்தில், பானர் ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊரில், விவசாய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெரிய மைதானத்தில் அக்டோபர் மாதம் நடக்கும். மைதானம் முழுக்க வரிசையாக மரக் கம்பங்களை நட்டு வைத்திருப்பார்கள். கனடா, பிரிட்டன், ஜமைக்காவிலிருந்தெல்லாம் அணிகள் வந்திருக்கின்றன.

யார் சேரலாம்? தொழிலைக் கற்று முடித்த முழு லைன்மேன்கள் மூன்று மூன்று பேராக அணி சேர்ந்து வர வேண்டும். வயதில் மூத்தவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. வேலையில் சேர்ந்து இன்னும் பழகிக்கொண்டிருக்கிற அப்ரன்டிஸ்கள் தனித்தனியாகக் கலந்துகொள்ளலாம். ஆனால், அவர்களுக்கு ஒரு எழுத்துப் பரீட்சையும் உண்டு. கம்பம் ஏறத் தெரிந்தால் மட்டும் போதாது, ஏன், எதற்கு என்றும் தெரிந்திருக்க வேண்டும்!

"அப்ப நான்?" என்றான் பையன்.

"நீ இன்னும் படிக்கிற புள்ளை. எங்கேயாவது லைன் வேலையில சேர்ந்து அப்ரன்டிஸா இருந்தாத்தான் உள்ளேயே விடுவான்."

பையனின் முகம் ஃப்யூஸ் போன பல்பு மாதிரி ஆகிவிட்டது. "வழுக்குமரத்துல இதெல்லாம் கேக்க மாட்டாங்கண்ணே..."

அடுத்து மார்க் போடும் விதம். இங்கேதான் என் பி.காம். மூளை விழித்துக்கொண்டது. நாமெல்லாம் பூஜ்யத்தில் ஆரம்பித்து மார்க் சேர்ப்போம். அங்கே ஒவ்வொரு போட்டிக்கும் முழு மார்க்கையும் முதலிலேயே கையில் கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் தப்புக்குத் தப்பு கழிக்கிறார்கள். மேலேயிருந்து ஸ்பானர் விழுந்ததா? கழி! பூட்ஸில் மாட்டியிருக்கும் இரும்புக் கொக்கி மரத்தில் சறுக்கியதா? கழி! பாதுகாப்பு விதியை மீறினானா? கழி! இருப்பைக் கொடுத்துவிட்டுச் செலவு மட்டும் எழுதுகிற கணக்கு. மார்க் சமமாக இருந்தால்தான் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். யார் சீக்கிரம் முடித்தார் என்பது அப்புறம்தான் வருகிறது.

"அப்ப மொதல்ல எறங்குறவன் ஜெயிக்க மாட்டானா?"

"தப்புப் பண்ணாம எறங்குறவன்தான் ஜெயிப்பான்."

"இது என்னண்ணே போட்டி?" என்று சலித்துக்கொண்டே போனான்.

அந்த முட்டை விவகாரமும் இதற்குள்தான் வருகிறது. ஏறும்போது முட்டையை ஒரு வாளிக்குள் எடுத்துப் போக வேண்டும். உச்சியில் வாளியை மாட்டிவிட்டு, முட்டையை வாயில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். கீறல் விழுந்தாலும் மார்க் போச்சு.

எழுதுகிறவன் அனுபவித்து எழுத வேண்டும் என்பார்கள். அன்று மத்தியானம், வீட்டில் எல்லோரும் தூங்கியபின், ஒரு முட்டையை வாயில் வைத்துக்கொண்டு பரண் ஏணியில் ஏறினேன். நாற்பதடி இல்லை சார், ஏழடி! இறங்கும்போது மூன்றாவது படியில் கால் லேசாகத் தடுமாறியது. அவ்வளவுதான். மிச்சத்தை எழுதினால் முட்டை சாப்பிடும் வாசகர்கள்கூட சைவத்துக்கு மாறிவிடுவார்கள்.

டீக்கடையில் ஒரு நீதிபதி

எங்கள் பக்கத்து லைன்மேன் அண்ணன் சாயங்காலம் டீக்கடையில் அகப்பட்டார். இருபத்தைந்து வருஷ சர்வீஸ். வேலையில் சேரும்போது தொப்பை இல்லை, இப்போதும் இல்லை. நான் விதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, டீ ஆறுவதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பையனும் பெஞ்சு ஓரத்தில் ஒட்டிக்கொண்டான்.

"அவுகளுக்கு மரக் கம்பம் சார். கொக்கியைக் குத்திக் குத்தி ஏறிருவாக. நம்ம சிமென்ட் கம்பத்துல கொக்கியை எங்கிட்டுக் குத்துறது? நமக்கு ஏணி, கயிறு, இடுப்பு பெல்ட்டுதான். ஆனா அந்த முட்டை இருக்கு பாருங்க, அது நல்ல ரோசனை."

"எப்படிண்ணே?"

"அவசரப்படுறவனும் பல்லைக் கடிப்பான், பயப்படுறவனும் பல்லைக் கடிப்பான். நிதானமா எறங்குறவன் முட்டைதான் மிஞ்சும்."

பையன் ஒன்றும் பேசவில்லை. அண்ணன் அவனைப் பார்த்துச் சிரித்தார். "இவன் வழுக்குமரத்துல ஏறுறதை நானும் பாத்திருக்கேன். குரங்கு தோத்துப் போகும். ஆனா நாளைக்கே இவனை எங்கூட அனுப்புனா, ஆறு மாசத்துக்குக் கம்பத்துல ஏத்த மாட்டேன். கீழ நின்னு கயித்தைப் பிடிக்கச் சொல்லுவேன்."

அடுத்த போட்டியைச் சொன்னேன். அடிபட்டவரை இறக்கும் போட்டி. கம்பத்தின் உச்சியில், ஆள் எடைக்கு ஒரு பொம்மையைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அதுதான் ஷாக் அடித்து மயங்கிய சக தொழிலாளி. கீழே இருப்பவர் பெல்ட்டையும் கொக்கியையும் மாட்டி, மேலே ஏறி, பொம்மையைக் கயிற்றால் கட்டி, அதன் பெல்ட்டை அறுத்து, தொப்பென்று போடாமல் பதமாகத் தரையில் இறக்க வேண்டும். எல்லாம் நாலே நிமிஷத்துக்குள்! இந்த ஒரு போட்டியில் மட்டும் கடிகாரம் பொல்லாதது. காரணம், மூச்சு நின்றுபோய் ஆக்ஸிஜன் கிடைக்காவிட்டால் நாலு நிமிஷ அளவிலேயே மூளை பாதிக்கப்பட ஆரம்பித்துவிடும்.

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கு இருபது நிமிஷம் ஆச்சு சார்."

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு ஊரில் நடந்தது. ராத்திரி நேரம். லைனை ஆஃப் செய்துவிட்டு இவருடைய கூட்டாளி கம்பம் ஏறியிருக்கிறார். கீழே ஜனங்கள், டி.வி.யில் கிரிக்கெட் மேட்ச் போகிறது, சீக்கிரம் சீக்கிரம் என்று ஒரே சத்தம். கம்பியின் இரண்டு பக்கமும் எர்த் ராடு மாட்டிவிட்டு ஏற வேண்டும். 'அஞ்சு நிமிஷ வேலைதானே' என்று மாட்டாமல் ஏறிவிட்டார். அந்தத் தெருவில் ஒரு கடைக்காரர், பொறுமையில்லாமல், தன் ஜெனரேட்டர் ஒயரைச் சுவரில் இருந்த பிளக்கில் நேராகச் செருகிவிட்டார்.

"பெல்ட்டுலயே தொங்குனான். நாங்க கீழ நின்னு கத்துறோம். யாரு ஏறுறது, எப்படி எறக்குறதுன்னு ஒருத்தருக்கும் புரியலை. கயிறு ஒரு பக்கம், ஏணி ஒரு பக்கம்... எறக்கும்போது எல்லாம் முடிஞ்சு போச்சு."

யாரும் பேசவில்லை. டீக்கடைக்காரர்கூடப் பாய்லரை விட்டுவிட்டு நின்றார்.

"அந்த அமெரிக்காக்காரன் பொம்மையைக் கட்டிப் பழகுறான்ல... அது விளையாட்டு இல்ல சார். அதைப் பழகியிருந்தா அன்னிக்கு நாங்க திகைச்சு நின்னிருக்க மாட்டோம்."

எட்டு நிமிஷம், ரெண்டு நிமிஷம், ஒரு நிமிஷம்

பேச்சை மாற்றுவதற்காக, "நம்ம ஊர்லயும் பரீட்சை வைக்கிறாங்களேண்ணே" என்றேன்.

வைக்கிறார்கள். 2019-ல் மின்வாரியம் கேங்மேன் வேலைக்கு ஆள் எடுக்க அறிவிப்பு வெளியிட்டது. ஐந்தாம் வகுப்புப் படிப்பு போதும். ஆனால், உடல் தகுதித் தேர்வில் மூன்று கண்டங்கள். கம்பத்தில் ஏறி கிராஸ் ஆர்மைப் பொருத்த 8 நிமிஷம். சரியான கருவியைக் கொண்டு கம்பியைப் பிணைக்க 2 நிமிஷம். கிராஸ் ஆர்மைத் தூக்கிக்கொண்டு 100 மீட்டர் நடக்க 1 நிமிஷம். இதில் தேறியவர்களுக்கு 2020 மார்ச்சில் எழுத்துத் தேர்வு. 2021-ல் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையில் சேர்ந்தார்கள். அப்புறம் 2025-ல், டி.என்.பி.எஸ்.சி. மூலமாக 1,794 கள உதவியாளர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அதற்கு ஐ.டி.ஐ. படிப்பு வேண்டும்.

"தப்பே இல்ல சார்" என்றார் அண்ணன். "வேலைக்கு எடுக்கையில உடம்புல தெம்பு இருக்கான்னு பாக்கத்தான் வேணும். ஆனா, சேர்ந்ததுக்கு அப்புறமும் அந்தக் கடிகாரம் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சுன்னா ஆபத்து. அதை நிறுத்தத்தான் முட்டை வேணும்கிறேன்."

லைன்மேன்களைப் பாதுகாக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய மின்சார ஆணையம் 2023-ல் வெளியிட்ட பாதுகாப்பு விதிமுறைகளில் கையுறை, ஹெல்மெட், இடுப்பு பெல்ட், எர்த் செய்யும் சாதனம், லைன் டெஸ்டர் என்று எல்லாம் இருக்கிறது. மார்ச் 4-ம் தேதியை 'லைன்மேன் தினம்' என்று 2021 முதல் கொண்டாடவும் செய்கிறார்கள். ஆனால், அந்த விதிகளின்படி ஒருவர் வேலை பார்க்க நேரம் ஆகுமே! அந்த நேரத்தைக் கொடுக்க வேண்டியது யார்?

இதற்குப் பதில் அடுத்த வாரமே என் வீட்டு வாசலுக்கு வந்தது.

நடுவர்: என் வீட்டு ஃபேன்

சிறுமலைப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது பாருங்கள்... தென்னை மட்டை ஒன்று எங்கள் தெருக் கம்பி மேல் விழுந்து, படபடவென்று பொறி பறந்து, தெருவே இருட்டு. மணி எட்டே முக்கால். எங்கள் வீட்டில் மட்டும் இன்வெர்ட்டர் புண்ணியத்தில் ஒரு ஃபேன், ஒரு லைட். ஆனால் கம்ப்யூட்டர் ஓடாது. மறுநாள் கட்டுரை அனுப்பியாக வேண்டும்.

முதலில் 'மின்னக'த்துக்கு போன் போட்டேன். 2021-ல் ஆரம்பித்த புகார் மையம். எண் 94987 94987, நாள் முழுக்க எடுப்பார்கள். புகாரைப் பதிந்துகொண்டார்கள். பத்து நிமிஷம் கழித்து மறுபடி போட்டேன். அப்புறம் அண்ணனுக்கே நேராக ஒரு போன். "கிளம்பிட்டேன் சார்" என்றார். ஐந்து நிமிஷத்தில் இன்னொரு போன். டீக்கடையில் கண் கலங்கியவன் நான்தான் என்பதைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனும் உதவியாளரும் வந்தார்கள். டிரான்ஸ்ஃபார்மரில் போய் சுவிட்சை ஆஃப் செய்தார். உடனே ஏறுவார் என்று தெருவே கழுத்தை நிமிர்த்திக் காத்திருந்தது. அவரோ டார்ச்சை அடித்துக்கொண்டு தெருவில் நடக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு வீடாக!

"என்னய்யா, கம்பத்தை விட்டுட்டு வாக்கிங் போறாரு?" என்றது ஒரு திண்ணை.

எங்கள் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே சுற்றிய ஃபேனைப் பார்த்தார்.

"சார், இன்வெர்ட்டரா? யாரு ஒயரிங் பண்ணுனது?"

"என் மச்சினன்ணே."

"எலெக்ட்ரீஷியனா?"

"இல்லண்ணே... மளிகைக் கடை."

தெருவில் இருட்டிலும் சிரிப்புச் சத்தம் கேட்டது. அண்ணன் சிரிக்கவில்லை. உள்ளே வந்து, இன்வெர்ட்டரை நிறுத்தச் சொல்லி, மெயினை அவரே இறக்கினார். மெதுவான குரலில் எனக்குப் பாடம் எடுத்தார். ஒழுங்காக ஒயரிங் செய்தால் இன்வெர்ட்டரால் ஆபத்தில்லை. தாறுமாறாகச் செய்தாலோ, சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரைச் செருகினாலோ, வீட்டுக் கரண்ட் பின்வாசல் வழியாகத் தெருக் கம்பிக்கு ஏறிவிடலாம். அது டிரான்ஸ்ஃபார்மர் வரை போனால் இன்னும் மோசம். பதினோராயிரம் வோல்ட்டை வீட்டுக்குத் தக்கபடி குறைத்துக் கொடுக்கிற அதே டிரான்ஸ்ஃபார்மர், தலைகீழாகப் போகிற கரண்ட்டைப் பல மடங்கு வோல்ட்டாக ஏற்றிவிடும். மேலே இருக்கிறவன் 'லைன் ஆஃப்' என்ற நம்பிக்கையில் கை வைப்பான்.

எனக்கு வியர்த்துவிட்டது. ஃபேன் வேறு நின்றுபோயிருந்ததே!

அவர் தெருக்கோடி வரை போய்த் திரும்பினார். டெஸ்டரால் கம்பியைச் சோதித்தார். இரண்டு பக்கமும் எர்த் ராடு மாட்டினார். ஹெல்மெட், கையுறை, பெல்ட் எல்லாவற்றையும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாக அணிந்தார். வரும்போதே பையனையும் இழுத்து வந்திருந்தார் போல... ஏணிக்குத் தள்ளி நின்று டார்ச் பிடித்துக்கொண்டிருந்தான். அண்ணன் ஏற ஆரம்பித்தார். ஒரு படி... நிதானம். அடுத்த படி...

கீழே பொறுமை தீர்ந்துவிட்டது. "என்னண்ணே, இன்னும் எவ்வளவு நேரமாகும்? சீரியல் முடிஞ்சிரும் போலயே!" என்று ஒரு குரல்.

பையன் டார்ச்சை அசைக்காமல் திரும்பிக் கத்தினான்:

"முட்டை வாயில இருக்கு! பேச மாட்டாரு!"

தெருவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் அவனுக்கும் புரிந்தது. மேலே அண்ணனின் தோள் குலுங்கியதைப் பார்த்தால், அவருக்கும் புரிந்திருக்கும்.

கரண்ட் வரும்போது மணி ஒன்பது ஐம்பது. இறங்கி வந்த அண்ணன், எர்த் ராடுகளைக் கழற்றி எண்ணிப் பார்த்து, "எல்லாரும் கீழ இருக்கோமா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போனார்.

அன்று ராத்திரி, அமெரிக்க முறைப்படி எனக்கே மார்க் போட்டுப் பார்த்தேன். கையில் முழுசாக நூறு. அவசரப்படுத்தி நாலு போன்: கழி. மச்சினன் ஒயரிங்: கழி. வேலைக்கு நடுவில் 'எவ்வளவு நேரம்?' என்று மனசுக்குள் கேட்டது: அதையும் கழி. மிச்சத்தை வெளியில் சொல்வதாக இல்லை. கம்பத்தில் ஏறுகிறவருக்கு மட்டுமல்ல, கீழே காத்திருக்கிறவருக்கும் ஒரு தகுதித் தேர்வு வைத்தால் எங்கள் தெருவில் தேறுவது கஷ்டம். உங்கள் தெரு எப்படி?

பையன் இப்போது படிப்பு முடிந்ததும் அப்ரன்டிஸ் ஆவதற்கு வேண்டிய காகிதங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். வீட்டில் தினம் ஒரு முட்டை குறைவதாக அவன் அம்மா புகார் சொல்கிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக, லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வரவழைத்து, இன்வெர்ட்டர் ஒயரிங்கை முழுக்கப் பிரித்து மாற்றினேன். நீங்களும் இந்த வாரம் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மச்சினன்தான் இன்னும் என்னோடு பேசவில்லை.